ஆமென் எழுதாத பாட்டு

மாதாலிகு தீவின் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆராதனையில் எடுத்த பாட்டு முடிய ஏறத்தாழப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அதை எழுதியவள் தெலேசியா. எழுதும்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முடிந்தபோது மூட்டுவலிக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட காலத்தில் கொப்பரை விலை இரண்டு முறை விழுந்து ஒரு முறை ஏறியது. புயல் ஒன்று கோயில் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. மூன்று போதகர்கள் வந்து, அவர்களில் இரண்டு பேர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை.

பாட்டு எழுதுவது தெலேசியாவுக்குத் தொழில் இல்லை, தொல்லை. ஜனவரி ஜெப வாரத்துக்கு ஒன்று, மே மாதப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கு ஒன்று, பக்கத்துத் தீவில் கோயிலுக்குப் புதுத் தகரம் போட்டால் அதற்கொன்று என்று யாராவது ஒரு கட்டுச் சேம்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முடியாது என்று சொன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பாட்டையே எழுதிக் கொடுத்துவிடலாம். இந்தத் தீவுகளில் சுரங்களை எண்களாகத்தான் எழுதுவது. கரும்பலகையில் நாலு குரலுக்கு நாலு வரிசை எண்கள், அடியில் சொற்கள். சபைப் பாட்டைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது: நன்றாகப் பாடுகிறவன் எதையும் பாடிவிடுவான், பல் போனவனும் இருமல்காரனும் முந்தின நாள் அதிகமாகக் காவா வேர்ச்சாறு குடித்துவிட்டு வந்தவனும் பாடவேண்டும் என்றால் மூச்சைப் பார்த்துத்தான் சொல்லை வைக்கவேண்டும். அந்த வித்தையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வந்த வினையும் அதிலேதான்.

அந்த வாரம் தலைநகரத்துக்குக் கொப்பரை ஏற்றிப்போன படகு வெள்ளிக்கிழமை திரும்பியிருக்கவேண்டும். அதில் தீவின் ஆண்கள் ஏழெட்டுப் பேர் போயிருந்தார்கள், அவர்களில் தெலேசியாவின் புருஷன் லிசியாதேயும் ஒருவன். வெள்ளிக்கிழமை காற்று சரியில்லை. சனிக்கிழமை காலையிலும் படகைக் காணோம். செய்ய வேறு எதுவும் தெரியாததால் தெலேசியா கரும்பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாலைக்குள் பாட்டு வந்துவிட்டது. கடல்மேல் நடந்தவரே, எங்கள் கரைக்கும் வாருமே என்று முடிகிற சின்னப் பாட்டு. பாடகர் குழுவுக்குத் தலைவர் கெபுவேலி, அடிக்குரல் பாடுகிறவர், பேச்சும் அதே அடிக்குரலில்தான். பலகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, ஆமெனைக் காணோமே?" என்று கேட்டார்.

"படகு வரட்டும் மாமா. வந்த பெறகு எழுதுறேன்."

"ஆண்டவர்கிட்டயே பேரம் பேசுறியா நீ?"

"எழுத வரல மாமா. கை வரமாட்டேங்குது."

கெபுவேலி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று பிற்பாடு தீவில் எல்லோரும் சொன்னார்கள், அவரும் சொன்னார்.

இந்தத் தீவுக்காரர்கள் ஒரு பாட்டை ஒரு தடவை பாடி நிறுத்துகிற சாதி இல்லை. கடைசி வரி முடிந்ததும் யாருக்காவது நெஞ்சு நிறைந்துவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த வரியை மறுபடி எடுப்பார். ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பது மகா மரியாதைக்குறைவு. சேர்ந்துதான் பாடவேண்டும். பிறகு இன்னொருவர் எடுப்பார். ஆமென் விழுந்தால்தான் ஓயும். புதுப் பாட்டுக்கு ஆமெனை எழுதியவர் கொடுக்கவேண்டும். மற்றவர் யாரும் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டு முடிப்பது அடுத்தவர் பானையில் கை விடுவதற்குச் சமம். ஆகவே அந்த ஞாயிறு காலை கடைசி வரி ஏழாவது எட்டாவது தடவையாகப் போய்க்கொண்டிருந்தபோது சன்னலோரம் இருந்த ஒருத்தி, பாட்டை விடாமலே, கையை நீட்டிக் காட்டினாள். பவளப்பாறைக்கு அப்பால், உள்ளே வருகிற வழிக்கு நேராக, படகு நின்றுகொண்டிருந்தது.

சந்தோஷத்தில் கூரை அதிர்ந்தது. தெலேசியா அழுதுகொண்டே முதல் குரலைப் பாடினாள். அவளுக்குப் பக்கத்தில் லிசியாதேயின் அக்கா ஹெய்லாலா, தீவிலேயே பெரிய தொண்டைக்காரி, கடைசி வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் ஆயிற்று. மண்ணடுப்பில் வைத்துவிட்டு வந்த சேம்பிலைக் கறி அப்படியே கருகியது. படகு உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஓடத்தைத் தண்ணீரில் தள்ளும் பழக்கம் இங்கே கிடையாது என்பதால் திங்கள் விடிந்ததும் நாலு பேர் துடுப்புப் போட்டுப் போனார்கள். சாயங்காலம் வரை துடுப்புப் போட்டும் படகு அதே தூரத்திலேயே இருந்தது. திரும்பும்போது சட்டென்று கரைக்கு வந்துவிட்டார்கள். படகில் ஆட்கள் தெரிந்தார்கள் என்றும், கூப்பிட்டுப் பார்த்ததற்கு அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்றும் வந்து சொன்னார்கள். அந்த ஓடத்தில் போனவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு யாரோடும் அதிகம் பேசவில்லை.

இதற்கிடையே கோயிலில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் எல்லோருக்கும் தொண்டை கட்டி, கெபுவேலி மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில், படகு மங்கிப் போனதாக யாரோ சொன்னார்கள். அது வெறும் பிற்பகல் மூட்டமாக இருந்திருக்கலாம். அந்த மாதத்தில் தினமும் அந்த நேரத்துக்கு மூட்டம் வரும், யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் ஹெய்லாலா கோயில் நடுவில் எழுந்து நின்றுவிட்டாள்.

"பாத்தீங்கல்ல? பாட்டுதான் கயிறு. விட்டா போயிடும். தெலேசியா, நீ ஆமென்னு வாயைத் தொறந்தியோ, என் தம்பியைக் கொன்னவ நீதான்."

புருஷனுடைய அக்கா சொன்னால் இங்கே அதற்கு மேல் பேச்சு இல்லை. அவளுக்கு முன்னால் உட்காரவே தம்பி மனைவி இடம் பார்த்து உட்காரவேண்டும். தெலேசியாவும் எதிர்த்துப் பேச நினைக்கவில்லை, அவளுக்கும் அதே பயம்தான். சரிக்கா என்றாள். அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஓடியது.

முறை வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் கிழக்குத் தெருக்காரர்கள், வெயில் ஏறினால் பள்ளிக்கூடப் பக்கத்தவர்கள், இருட்டிய பிறகு காவா குடிக்கிறவர்கள், அவர்கள் எப்படியும் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்கள். எந்நேரமும் நாலு குரலுக்கும் ஆள் இருக்கவேண்டும், அவ்வளவுதான் சட்டம். கல்யாணம் நடந்தது, அதே பாட்டு. சாவு விழுந்தது, அதே பாட்டு. பிறந்த குழந்தைகள் அந்தச் சுரத்திலேயே அழுதன, மருத்துவச்சி முதலில் ஆச்சரியப்பட்டாள், பிறகு சுரம் பிசகி அழுத பிள்ளையை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்த்தாள். முதல் போதகர் பாட்டுக்கு மேலே கத்திப் பிரசங்கம் செய்து குரல் போய்த் திரும்பினார். இரண்டாமவர் கெட்டிக்காரர், சபை மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி ஒரே பிரசங்கத்தை ஒன்றரை வருஷத்தில் முடித்தார். மூன்றாமவர் வந்த வாரமே பீடத்துக்குப் பின்னால் பாய் விரித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

படகும் அங்கேயே நின்றது. காலையில் பல் விளக்கும்போது அதைப் பார்ப்பார்கள், மீன் காயவைக்கும்போது பார்ப்பார்கள். கண் கூர்மையான பெண்களுக்கு யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும். முனையில் வெள்ளைச் சட்டையோடு இருந்தவன் லிசியாதே. படகில் போன இன்னொருவனுடைய பெண்டாட்டி ஒன்பது வருஷம் பார்த்துவிட்டு, போதும் என்று வேறு கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தன்று அவன் படகிலிருந்து கையசைத்ததாகச் சொல்கிறார்கள். ஈ ஓட்டியிருக்கலாம் என்று அவள் சொன்னாள்.

ஊர் முழுக்கக் களைத்துப்போனது. நடக்கிறவர்கள் நடந்துகொண்டே தூங்கினார்கள். தோட்டத்தில் வள்ளிக்கிழங்கு நட்டவர்கள் எங்கே நட்டோம் என்று மறந்தார்கள். சண்டை போடக்கூட ஆளில்லை. பன்றி வேலியைத் தாண்டி வந்து தின்றாலும், சரி தின்னட்டும் என்று விட்டுவிட்டார்கள். எல்லோரையும்விடக் களைத்தவள் தெலேசியா. மற்றவர்களுக்கு அது பாட்டு, அவளுக்கு அது தான் எழுதியது. அந்தக் கடைசி வரியில் மூச்சு வாங்கும் இடத்துக்கு ஒரு சொல் முன்னால் ஒரு நெடிலைப் போட்டுவிட்டிருந்தாள். சனிக்கிழமை அவசரத்தில் கவனிக்கவில்லை. முதல் மாதமே தெரிந்துவிட்டது, ஆனால் ஓடுகிற பாட்டில் எங்கே கை வைப்பது? ஒவ்வொரு சுற்றிலும் அந்த நெடிலில் ஊரே ஒரு தடவை இடறி எழுந்தது. அவள் கிணற்றடியில் இருந்தாலும் சரி, மரவுரி அடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்த இடம் வரும்போது கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். பிற தீவுகளிலிருந்து இன்னமும் சேம்புக் கட்டோடு வந்து கேட்டார்கள். பலகையை எடுப்பாள். இரண்டு எண் எழுதுவாள். மூன்றாவது எண் பழைய பாட்டுக்கே திரும்பிவிடும். சேம்பைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். தன் பாட்டை மனதாரத் திட்டிக்கொண்டே தினமும் இரண்டு வேளை போய் அதைப் பாடினாள்.

யாருக்கும் தெரியாமல் ஆமென்களும் எழுதிப் பார்த்தாள். ஒன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, கல்யாண வீட்டு ஆமென். படகு வரவில்லை என்றால் அதைவிட அசிங்கம் இல்லை. ஒன்று நேராகக் கல்லறைக்குப் போனது. அதை எழுதிய உடனே பலகையைக் கழுவினாள், கழுவிய தண்ணீரைக்கூட வாசலில் கொட்டப் பயந்து கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினாள். வருமா, போகுமா என்று தெரியாமல் ஒரு முடிவை எப்படி எழுதுவது? லிசியாதே உயிரோடு கண்ணுக்கெதிரே இருந்தான். இருபது வயதுப் பையன்களெல்லாம் அவனைத் தாண்டி வளர்ந்து குடும்பஸ்தர்கள் ஆனார்கள், அவன் அதே வெள்ளைச் சட்டையோடு இருந்தான். எட்டாவிட்டாலும் இருந்தான். அதைக் கையால் கலைக்க அவளுக்குத் துணிவில்லை.

கெபுவேலி படுத்த படுக்கையானபோது அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். படுத்துக்கொண்டே அடிக்குரல் பாடிக்கொண்டிருந்தார், நடுநடுவே பேசினார்.

"அந்த ஆமெனை மட்டும் கேட்டுட்டுப் போறேன்மா. மெதுவா என் காதுல சொல்லு போதும். யாருக்கும் கேக்காது."

"மாமா, வேற எதுவேணா கேளுங்க."

"வேற என்ன இருக்கு கேக்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வற்புறுத்தவில்லை. கடைசி வரியை மறுபடி எடுத்தார், அது முடிவதற்குள் இறந்துபோனார். ஆமென் இல்லாமலே அடக்கம் பண்ணினார்கள். மணலைத் தள்ளும்போதும் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள், அடிக்குரல் மெலிந்து கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த தெலேசியா சமைக்கவில்லை, விளக்கேற்றவில்லை. ஒரு கிழவனுக்கு ஒரு சொல்லைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேனே என்று வாய்விட்டு அழுதாள்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பிற்பகல் ஹெய்லாலா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷனுடைய அக்கா தம்பி பெண்டாட்டி வீட்டுக்குச் சொல்லாமல் வருவது வழக்கமில்லை. தெலேசியா அவசரமாக நல்ல பாயை எடுத்து விரித்தாள். ஹெய்லாலா பாயைக் கவனிக்காமல் வெறும் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெரிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சியிலிருந்து கீழே விழுந்து தூங்கிவிட்டாளாம், எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம், வழியெல்லாம் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"முடிச்சுடுடி," என்றாள்.

தெலேசியாவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. "அக்கா?"

"முடிச்சுடுன்னேன். முடியல. ஊரைப் பாரு, பொணம் மாதிரி நடக்குது. என் பேத்திக்கு ரெண்டு வயசு, பேச்சு வரல, அந்தக் கடைசி வரி மட்டும் வருது."

"அக்கா, போயிட்டார்னா?"

ஹெய்லாலா தரையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, "கூடப் பொறந்தவ நான் சொல்றேன். போனா போகட்டும். நல்லா அழுதுட்டு ஒரு தூக்கம் தூங்கலாம்டி. பத்தொம்பது வருஷமா நாம அவனுக்காக அழவும் இல்ல, தூங்கவும் இல்ல. இது என்ன பொழப்பு?" என்றாள். சொல்லிவிட்டு அந்தத் தரையிலேயே சாய்ந்துவிட்டாள். தெலேசியா மரியாதைக்கு இடுப்பில் கட்டியிருந்த பாயை அவிழ்த்துச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்து பயந்து வாழ்ந்த முகம் அது, இப்போது வாய் திறந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. பலகையை எடுத்தாள்.

இந்த முறை வருமா போகுமா என்று யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பில்லை. பாடப்போகிறவர்களை மட்டும் நினைத்தாள். யாருக்கும் மேலே ஏறக் குரல் இல்லை, ஆகவே முதல் குரலைக் கீழே இறக்கினாள். நீட்ட மூச்சு இல்லை, ஆகவே நீட்டவில்லை. கெபுவேலி போனதிலிருந்து அடிக்குரலில் பலம் இல்லை, ஆகவே அடிக்குரலுக்கு ஒரே சுரத்தை இரண்டு தடவை கொடுத்தாள். நாலு வரிசை, வரிசைக்கு இரண்டு எண். குழந்தையை இறக்கிவிடுவதுபோல் ஒரு ஆமென். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. சபை எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான். அவள் வாழ்நாளில் எழுதியதிலேயே சின்னது அது.

ஞாயிறு காலை பலகையைப் பீடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். சபை பாடிக்கொண்டே பார்த்தது. பார்த்தவர்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பினார்கள். படகில் ஆள் இருந்த வீட்டுக்காரர்கள் ஹெய்லாலாவைப் பார்த்தார்கள், ஹெய்லாலா தலையை அசைத்தாள். கடைசி வரி முடிந்தது. வழக்கம்போல அதை மறுபடி எடுக்க ஒருவன் வாயைத் திறந்தான், மனைவி அவன் தொடையில் கிள்ளினாள். தெலேசியா கையைத் தூக்கினாள். ஆமென் என்றார்கள்.

கடல் காதில் விழுந்தது. அங்கே பிறந்து வளர்ந்து கல்யாணமும் ஆனவர்கள் சிலர் கடலுக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் அறிந்தார்கள், பயந்து எழுந்து வெளியே பார்த்தார்கள், பார்த்தபடியே கண்ணயர்ந்தார்கள். மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை. பெஞ்சிகளிலும் தரையிலும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள், போதகர் பீடத்திலேயே தலையை வைத்துக்கொண்டார். தெலேசியா சன்னல் பக்கம் திரும்பாமல் முதல் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டாள். பார்க்க முடியவில்லை. படகு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

மணலில் படகு ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆட்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஈரக் கால்களை வாசலில் தட்டினார்கள், இடுப்புப் பாயை இழுத்துக் கட்டினார்கள், சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் சபை கிடந்த கிடையைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டவன் முன்னால் வந்து, விழித்திருந்த ஒரே ஆளான நரைத்தலைப் பெண்ணிடம் குனிந்து மெதுவாகப் பேசினான்.

"மன்னிச்சுக்கணும் பெரியம்மா. ராத்திரியே பவளப்பாறை வாசலுக்கு வந்துட்டோம், அலை இருந்துச்சு. விடிஞ்சு பாத்தா பாட்டு எடுத்துட்டீங்க. ஞாயித்துக்கெழமை, சபை பாடுற நேரத்துல நடுவுல படகை இழுத்து விட்டா நல்லாவா இருக்கும்? ஆமென் விழட்டும்னு வெளியவே நின்னுட்டோம். நாங்களும் அங்கருந்தே சேந்து பாடுனோம். நடுவுல எவனோ ஓடத்துல துடுப்புப் போட்டுட்டு வந்தான், ஞாயித்துக்கெழமையும் அதுவுமா. நாங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம்."

அவள் அந்த வெள்ளைச் சட்டையையே பார்த்தாள்.

"பாட்டு கொஞ்சம் நீளம்தான்," என்றான் அவன். "ஆனா நல்லாருந்துச்சு. யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவன் அவளைப் பார்த்தான். நெற்றியை, கையை, சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்த விரல்களைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தானா விழுந்தானா என்று சொல்வது கஷ்டம். "ஏன் தெலேசியா முடிக்காம வச்சிருந்த?" என்று கேட்டான்.

"நீங்க வரட்டும்னுதான்."

"நீ முடிக்கட்டும்னுதான் நானும் நின்னேன்."

அவள் பெஞ்சியில் காலை நீட்டிப் படுத்தாள், தலையை அவன் மடியில் வைத்துக்கொண்டாள், கண்ணை மூடுவதற்குள் தூங்கிப்போனாள். லிசியாதே ஆடாமல் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். புதன்கிழமை வரை ஊர் தூங்கியது. படகில் வந்தவர்கள்தான் பன்றிகளுக்குத் தண்ணீர் வைத்தார்கள், கிழங்கு தோண்டி அடுப்பு மூட்டினார்கள். எழுந்த பிறகு யாரும் பெரிதாக எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. மறுமணம் செய்தவள் பழைய புருஷனுக்கு ஒரு வருஷம் சோறு அனுப்பினாள், புதுப் புருஷன் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தான். வெளித்தீவுகளிலிருந்து வருகிறவர்கள் தெலேசியாவையும் லிசியாதேயையும் தாயும் மகனும் என்று நினைத்துக்கொள்வார்கள், அவர்களும் திருத்துவதில்லை, திருத்தினால் நீளமாகச் சொல்லவேண்டியிருக்கும்.